அந்த டீயால் வந்ததல்ல, தம்பி

தம்பி,

போன செவ்வாய்க்கிழமை நீ ஆஸ்பத்திரி வாசலில் புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தாய். உள்ளே வரவில்லை. என் பித்தப்பைக் கல்லுக்கு டாக்டர் பார்த்ததும் நீதான், தேதி வாங்கியதும் நீதான், சென்னையிலிருந்து லீவு போட்டு வந்ததும் நீதான். ஆனால் ஆபரேஷன் தியேட்டர் இருக்கிற கட்டடத்துக்குள் கால் வைக்க உன்னால் முடியவில்லை. "நீங்க போங்கம்மா, நான் இங்கிட்டே இருக்கேன்" என்றாய். உன் அப்பா டீக்கடையில் இரண்டு டீ சொன்னார். உன் டம்ளரை நீ தள்ளி வைத்ததைப் பார்த்துக்கொண்டேதான் நான் உள்ளே போனேன்.

உள்ளே மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் ஒரு சின்னப் பெண். நீ அந்த வேலையில் சேர்ந்தபோது இருந்த வயதுதான் இருக்கும். வாயைத் திறக்கச் சொன்னாள், பல் ஆடுகிறதா என்று பார்த்தாள், கழுத்தை அண்ணாந்து காட்டச் சொன்னாள். பிறகு ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சளி, இருமல், காய்ச்சல் ஏதாவது உண்டா. கடைசிக் கேள்வி வந்ததும் என் வாய் தானாக "ஒண்ணுமில்ல" என்று தொடங்கியது. பாதியில் நிறுத்திவிட்டு, "ரெண்டு நாளா தொண்டை கரகரன்னு இருக்கும்மா. நேத்து ராத்திரி ஒடம்பு லேசாச் சுட்டுச்சு" என்றேன். அவள் பேனாவை மூடினாள். "அப்ப ரெண்டு வாரம் கழிச்சுப் பாப்போம்மா. சொன்னீங்களே, நல்லதாப் போச்சு" என்றாள்.

வெளியே வந்து உன்னிடம் சொன்னேன். நீ கோபப்படவில்லை. லீவு வீணாகிவிட்டதே என்றும் சொல்லவில்லை. "நல்லதும்மா. நீங்க எப்பவும் உள்ளதச் சொல்றவங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாய். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம். நீ சென்னைக்குப் போய் நாலு நாளாகிறது. நான் இன்னும் அழவில்லை. அன்றைக்கும் அழவில்லை. எனக்கு எதுவும் தோன்றுவதில்லை, அதுதான் உண்மை. சோறு வடிக்கிறேன், மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறேன், கடலைக் கொல்லையில் களை எடுக்கிறேன்.

என்னைப் பற்றி உனக்குத் தப்பாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியது வீட்டில் வசதியில்லாமல் என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வசதி இல்லைதான். ஆனால் அதனால் நிற்கவில்லை. எங்கள் வாத்தியார் தினமும் ஒருவரை எழுப்பிப் பாடத்தை உரக்கப் படிக்கச் சொல்வார். எனக்குப் படிக்கத் தெரியும். எழுந்து நின்றால் குரல் வராது. பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருநாள் காலையில், "இன்னிக்கு நான் போகலத்தா" என்று எங்கள் ஆத்தாவிடம் சொன்னேன். அப்புறம் போகவே இல்லை. யாராவது ஏன் என்று கேட்டால், ஒண்ணுமில்ல என்பேன். அந்த வார்த்தையைச் சொன்னால் கேட்கிறவர்கள் போய்விடுகிறார்கள் என்று அந்த வயதில் கண்டுகொண்டேன். கல்யாணமாகி வந்த வீட்டிலும் அதுவே எனக்கு உதவியது. உன் பாடப் புத்தகங்களை உன்னோடு சேர்ந்து படித்துத்தான் இந்த அளவுக்கு எழுதப் பழகினேன். வாயால் சொல்ல முடியாததை எழுதிவிடலாம் என்று இத்தனை வருஷம் ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

நீ மயக்க மருந்துப் படிப்பை எடுத்தபோது ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். உன் ஒன்றுவிட்ட சித்தப்பா, "என்னடா, ஊசி போட்டுத் தூங்க வைக்கிறதுக்கு ஒரு படிப்பா? நம்ம ஊரு சாராயக் கடைக்காரன் படிக்காமயே பண்றானேடா" என்றார். நீயும் சிரித்தாய். "தூங்க வைக்கிறது லேசு சித்தப்பா. திரும்பி எழுப்பணும்ல" என்றாய். எனக்கு அந்த வேலை என்னவென்று விளங்கவில்லை. கொரோனா வந்த முதல் வருஷம், ஊரெல்லாம் அடைத்துக் கிடந்தபோது, நீ போனில் விளக்கினாய். மூச்சு விட முடியாதவர்களுக்கு வாய் வழியாகக் குழாய் போட வேண்டும் என்றாய். "நீங்க ஊதாங்குழல வச்சு அடுப்பு ஊதும்போது எப்படிக் குனிவீங்க? அவ்வளவு பக்கத்துல நாங்க குனியணும்மா. பொகை மூஞ்சில அடிக்கும்ல, அது மாதிரி அவங்க மூச்சு எங்க மூஞ்சில அடிக்கும். சர்ஜன் வயித்துகிட்ட நிப்பாரு. தலைமாட்டுல நிக்கிறது நாங்கதான்." அதைக் கேட்ட பிறகு அடுப்பு ஊதக் குனியும்போதெல்லாம் உன் ஞாபகம் வரும். இதை நான் எழுதக் காரணம், எனக்குத் தெரியாது என்று நீ நினைத்துவிடக் கூடாது. எனக்குத் தெரியும். நீ சொல்லி, அடுப்பு வரைக்கும் விளங்கி, தெரிந்துதான் வைத்திருந்தேன்.

அந்த மாதம் குடுமியான்மலைப் பக்கம் உன் அத்தை வீட்டு மாமா இறந்துபோனார். மாரடைப்பு என்றார்கள். காய்ச்சலில் கிடந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நீ மூன்று தடவை போன் பண்ணினாய். "அப்பா கேதத்துக்குப் போகக் கூடாதும்மா. காலப் பிடிச்சுக் கேக்கிறேன். போனா நான் வீட்டுப் பக்கமே வரமாட்டேன்" என்றாய். போகவில்லை என்று சொன்னேன். நாங்கள் போனோம். உன் அத்தைக்குக் கூடப் பிறந்தவர் உன் அப்பா ஒருத்தர்தான். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவர் கையால்தான் போட வேண்டும். தாலியை எடுக்கிற நேரத்தில் கோடி போட ஆளில்லாமல் அவள் உட்கார்ந்திருப்பாளா? உன் அப்பா மாஸ்க்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சேலையை அவள் தலையில் போட்டு, அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். பெண்கள் எல்லோரும் தோளோடு தோள் சேர்த்து அழுதோம். அதில் தப்பு என்று இன்றைக்கும் என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. தப்பு அதற்குப் பிறகு வந்தது.

நாலாம் நாள் உன் அப்பாவுக்குக் காய்ச்சல். அப்புறம் இருமல். பாரசிட்டமால் கொடுத்தேன், கஷாயம் வைத்தேன், யாருக்கும் சொல்லவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டது என்று தெருவையே தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். அவரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது மூட்டையாகக் கட்டித்தான் கொண்டு வந்தார்கள், முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை. எனக்கு அந்தப் பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம், கேதத்துக்குப் போனது உனக்குத் தெரிந்துவிடும் என்பது. டாக்டர் மகன் சொல்லியும் கேட்காத அம்மா என்று நீ நினைப்பாய் என்று கூசியது. அவ்வளவுதான். அந்தக் கூச்சத்துக்கு மேல் வேறு காரணம் என்னிடம் இல்லை.

உன் அப்பாவுக்குக் குடலிறக்கம் இருந்ததும், அறுவை செய்துகொள்ளச் சொல்லி நீ ரெண்டு வருஷமாகக் கத்தியதும் உனக்கே தெரியும். இரண்டு நாள் இருமலில் அது இறங்கி மாட்டிக்கொண்டது. காலையில் வாந்தி எடுக்க ஆரம்பித்தார், வயிறு கல்லாகிவிட்டது. அன்றைக்கு நான் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தேன். கருகியிருக்கிறது, எனக்கு வாசனையே தெரியவில்லை. உன் அப்பா உள்ளேயிருந்து, "ஏத்தா, சட்டி தீயுது பாரு" என்று கத்திய பிறகுதான் பார்த்தேன். இதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

உனக்குப் போன் பண்ணினேன். நீ முதலில் கேட்டதே, "காய்ச்சல், இருமல் ஏதாச்சும் இருந்துச்சாம்மா?" என்றுதான். ஒண்ணுமில்லப்பா என்றேன். நல்லாக் கேட்டுச் சொல்லுங்க என்றாய். ஒண்ணுமில்ல என்றேன். நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே கொண்டு வரச் சொன்னாய். ஆட்டோவில் வரும்போது துண்டை நனைத்து உன் அப்பாவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தேன். வாசலில் நெற்றியில் வைத்துக் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மாத்திரையும் கொடுத்திருந்தேன். ஈர நெற்றியில் அது ஒன்றும் காட்டவில்லை. அங்கே நின்ற பெண் கேட்டாள்: "இருமல் இருக்கா? கல்யாணம், கேதம்னு எங்கயாச்சும் போனீங்களா?" உன் அப்பா வாயைத் திறந்தார். கல்யாணமான நாளிலிருந்து வெளியாட்கள் முன்னால் அவர் பேசி முடிக்கும்வரை நான் பேசியதில்லை. அன்றைக்கு முந்திக்கொண்டேன். "எங்கயும் போகலம்மா, வீட்டுலதான் இருந்தோம்." குரல் கணீரென்று வந்தது. எட்டாம் வகுப்பில் வராத குரல். உன் அப்பா என்னைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

தியேட்டர் வாசலில்தான் உமையாள் டாக்டரை முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். அதற்கு முன்னால் உன் வாயால் கேட்டுத்தான் பழக்கம். உனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர், திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்துப் பெண், நர்ஸ்கள் உட்பட எல்லோரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறாய். வளையல் போடாத கை, காதில் சின்ன வைரத் தோடு. உன்னைப் பார்த்து, "நீ வெளிய நில்லுப்பா. அப்பாவுக்கு நீ போட வேண்டாம், கை நடுங்கும். நான் போடுறேன்" என்றார். நீ, முதுகில் ஊசி போட்டால் போதாதா என்று கேட்டாய். "வாந்தி எடுத்துக்கிட்டு இருக்காரு, குழாய் போட்டாத்தான் பத்திரம்" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏங்க, உங்க மகன் ஒரு வாரமாத் தூங்காம நிக்கிறான். அவனுக்கும் சேத்து ஒரு ஊசி போட்டுரவா?" நான் சிரித்தேன். அந்த நேரத்தில் சிரித்தேன், தம்பி.

அப்புறம் அவர் குரலைத் தாழ்த்தி உன்னிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "டெஸ்ட் ரிசல்ட் வர ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் கொடல் தாங்காது. வீட்ல நல்லா விசாரிச்சியா? கொரோனாவுக்குப் போடுற முழு உடுப்பு இன்னிக்கு ரெண்டுதான் இருக்கு, வார்டுக்கு வேணும்." நீ சொன்னாய்: "விசாரிச்சேன் ஆச்சி. அம்மா ஒண்ணுமில்லன்னாங்க. எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க." அவர் சரி என்று தலையாட்டி, சாதாரண மாஸ்க்கின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். கதவு ஆடி ஆடி மூடிற்று. அது முழுதாக மூடுவதற்குள் சொல்லியிருக்கலாம். நாலைந்து தடவை ஆடியது. பத்தடி தூரம்கூட இல்லை. நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆபரேஷன் அன்று எடுத்த டெஸ்டில் உன் அப்பாவுக்கு இல்லை என்று வந்தது, மூன்றாம் நாள் மறுபடி எடுத்ததில்தான் கொரோனா என்று வந்தது. வேறு வார்டுக்கு மாற்றினார்கள். உனக்கும் வந்தது. ஆறாம் நாள் ஆச்சிக்குக் காய்ச்சல். உன் அப்பா பத்து நாளில் எழுந்து கஞ்சி குடித்தார். நீ தனி அறையில் கிடந்து தேறினாய். ஆச்சிக்குக் குழாய் போட வேண்டி வந்தபோது, அவரிடம் வேலை கற்ற இன்னொரு டாக்டர்தான் தலைமாட்டில் நின்றாராம். மூச்சுக்குத் திணறிக்கொண்டே ஆச்சி கையை உயர்த்தி, அந்த டாக்டரின் முகக் கண்ணாடியைத் தொட்டு, இன்னும் இறுக்கு என்று சைகை காட்டினாராம். நீ சொன்னாய். அதற்குப் பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த ஒரே மகளை, தூரத்தில் நின்று பார்க்கத்தான் விட்டார்கள்.

நீ வீடு திரும்பிய அன்று நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து நீ சொன்னது ஒரு எழுத்து மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "நான்தாம்மா குடுத்துட்டேன். அப்பா ஆபரேஷன் முடிஞ்சதும் ஆச்சியும் நானும் டீ குடிச்சோம். மாஸ்க்க எறக்கிட்டு எதுக்க எதுக்க உக்காந்து. கொரோனா வார்டுல இருந்து நேரா வந்தவன் நான். அப்பாவையும் தொட்டேன். ரெண்டு பேருக்கும் நான்தான் குடுத்தேன்." நான் கீரையை உருவிக்கொண்டே இருந்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. சாப்பிடு" என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை பார். நீ கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் தெரியும் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து நீ டீ குடிப்பதில்லை. அடுத்த வருஷம் தியேட்டர் வேலையை விட்டாய். சென்னையில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து மற்றவர்களின் ஆஸ்பத்திரித் தாள்களைப் படித்துக்கொண்டிருக்கிறாய். திருமயம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறமாட்டாய். அதற்குப் பதில் சுற்றிக்கொண்டு போவாய். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ ஒரு தடவையாவது, "அம்மா, நெசமாவே அப்பாவுக்கு முன்னாடி ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. நீ கேட்கவே இல்லை. அம்மா சொன்னால் சரி என்று இருந்துவிட்டாய். அத்தையிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோடி போட்டதை அவள் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பாள்.

ஆகவே வரிசையாக எழுதுகிறேன், நீயே பார்த்துக்கொள். கேதம் முதலில். காய்ச்சல் நாலாம் நாள். இருமல் அதற்குப் பிறகு. ஆறாம் நாள் காலையில் எனக்கு வாசனை போயிற்று. அன்று மத்தியானம்தான் உன்னைப் பார்த்தோம். அதற்கு முந்தைய ஐந்து வாரம் நீ வீட்டுக்கே வரவில்லை, லாட்ஜில் தங்கியிருந்தாய். உன் அப்பாவுக்கு நீ கொடுத்திருக்க வழியே இல்லை. ஆச்சி குனிந்தது உன் அப்பாவின் வாய்க்கு நேரே. யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்று நீ சொல்வாய். படித்தவன், அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வாசலில் நான் உள்ளதைச் சொல்லியிருந்தால், வார்டுக்கு என்று வைத்திருந்த உடுப்பில் ஒன்றை அவர் போட்டுக்கொண்டிருப்பார். இதை அடித்துச் சொல்லலாம். அவரே சொன்னதை நான் கேட்டேன்.

இதை எழுதப் போகிறேன் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். கடலைக் கொடியை உதறிக்கொண்டிருந்தார். "இப்ப எதுக்குடி அதக் கெளறுற? பய நிம்மதியா இருக்கான்" என்றார். "இல்லையே" என்றேன். "இல்லதான்" என்றார், அடுத்த கொடியை எடுத்துக்கொண்டே. அவரும் இத்தனை வருஷம் என்னோடு இதைப் பேசியதில்லை. வாசலில் நான் முந்திக்கொண்டபோது தன் வாயை மூடிக்கொண்டதை அவர் தனியாக வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். சாயங்காலம் வந்து, "திருமயத்துக்கு எப்பப் போற?" என்று கேட்டார். ஆச்சியின் மகள் இப்போது காலேஜில் படிக்கிறாள், லீவுக்கு வந்திருக்கிறாள் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். நீ இதைப் படித்து முடித்த பிறகு போவேன். உனக்குத் தெரியாமல் அவளுக்குத் தெரிவது முறையில்லை. மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும், அந்தச் சுமை அவளுக்கு வேண்டாம். "உங்கம்மா வேலையில தப்பில்ல, தப்பு என் வாயிலதான்" என்று அவளிடம் சொல்லிவிட்டு வருவேன். வாசலிலேயே துரத்தினால் வாசலில் நின்று சொல்வேன். உன் அப்பா, "நானும் வாரேன்" என்றார்.

உனக்கு நான் புத்தி சொல்ல லாயக்கில்லாதவள். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் இதை உன் புத்தகங்கள் சொல்லியிருக்காது. நீ என்றைக்காவது திரும்பத் தலைமாட்டில் போய் நின்றால், அப்படி நிற்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை, கேள்வியை ஒரு தடவையோடு விடாதே. "ஒடம்புக்கு ஏதாச்சும் உண்டா?" என்று கேட்காதே, அதற்கு ஒண்ணுமில்ல என்றுதான் பதில் வரும். "கேதம் எந்த ஊர்ல?" என்று கேள். "எத்தனை நாளா இருமுறாரு?" என்று கேள். நோயாளி வாயைத் திறக்கும்போது முந்திக்கொண்டு பதில் சொல்கிற பொம்பளை இருந்தால் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, திட்டமாட்டேன் என்று முதலில் சொல்லிவிட்டு, இன்னொரு தடவை கேள். நனைந்த துண்டு எதற்கு என்று கேள். உன் அம்மாவாக இருந்தாலும் கேள். இந்தக் கடிதத்தை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றினால் காட்டு, பத்திரிகைக்குக்கூடக் கொடு. என் பேரைப் போட்டாலும் எனக்குச் சம்மதம். எழுந்து நின்று உரக்கப் படிக்க மட்டும் இன்னும் என்னால் முடியாது.

இன்னும் பத்து நாளில் எனக்கு மறுபடி தேதி. நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். என்னோடு பேசாமல் இருந்தாலும் நான் ஏன் என்று கேட்கமாட்டேன், சாப்பாடு மட்டும் சரியாகச் சாப்பிடு. வந்தால் காலையில் எப்போதும்போல டீ போடுவேன். இத்தனை வருஷமும் உனக்கு ஒரு டம்ளர் சேர்த்துத்தான் போடுகிறேன். நீ தள்ளி வைத்த பிறகு ஆறிப்போனதை உன் அப்பா எடுத்துக் குடிப்பார். இந்தத் தடவையும் நீ தள்ளி வைத்தால், அது என் மேல் உள்ள கோபத்தால் என்று எடுத்துக்கொள்வேன். உன் மேல் உள்ள கோபத்தால் மட்டும் இனி வேண்டாம்.

அம்மா